பெரிய பகா எண் வேட்டையில் உங்கள் கணினியையும் இறக்கிவிடுவது எப்படி

வீட்டில் ஒரு டெஸ்க்டாப் பாதி நேரம் சும்மா கிடக்கிறதா? அதை உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு பகா எண்ணைத் தேட அனுப்பலாம். காசு கட்ட வேண்டாம், கணிதத்தில் பட்டம் வேண்டாம், புரோகிராமிங்கும் தெரிய வேண்டாம். கொஞ்சம் மின்சாரம், நிறைய பொறுமை, அப்புறம் ஒழுங்காகக் கூட்டிப் பெருக்கத் தெரிந்த ஒரு கணினி, இவ்வளவுதான். கடைசியாகச் சொன்னதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கணக்கில் தப்பு செய்யும் கணினிகள் நாம் நினைப்பதைவிட அதிகம், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் களத்தில் யார் யார் என்று பார்த்துவிடலாம். பெரிய அணிகள் இரண்டு. ஒன்று ஜிம்ப்ஸ், விரித்துச் சொன்னால் கிரேட் இன்டர்நெட் மெர்சென் பிரைம் சர்ச். 1996 ஜனவரியில் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கப் புரோகிராமர் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இந்தச் சாதனையெல்லாம் கிரே சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களின் கையில் இருந்தது. அதே 1996 நவம்பரில் பிரான்சில் ஒருவருடைய சாதாரணக் கணினி 4,20,921 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தது. அன்றிலிருந்து இன்றுவரை 'தெரிந்ததிலேயே பெரிய பகா எண்' என்ற பட்டம் ஜிம்ப்ஸை விட்டுப் போனதே இல்லை. இன்னொரு அணி பிரைம்கிரிட். லிதுவேனியாவைச் சேர்ந்த ரிடிஸ் ஸ்லட்கெவிசியஸ் 2005-ல் தொடங்கியது. தன்னார்வலர்களின் கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பாயிங்க் என்ற மென்பொருள் வழியாக ஓடுவது, வேற்றுக்கிரகச் சமிக்ஞைகளைத் தேடிய செட்டி அட் ஹோம் காலத்து ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

இரண்டும் தேடுவது பகா எண்ணைத்தான், ஆனால் சுபாவம் வேறு. ஜிம்ப்ஸ் ஒரே ஒரு வகையைத்தான் தேடும், 2-ஐ ஏதோ ஒரு அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால் வரும் மெர்சென் எண்கள். தொடங்கியதிலிருந்து மொத்தம் 18 தான் கிடைத்திருக்கின்றன, ஏறக்குறைய முப்பது வருடத்தில். பிரைம்கிரிட்டில் பத்துப் பதினைந்து வகையான தேடல்கள் ஒரே நேரத்தில் ஓடும். சிலவற்றில் அடிக்கடி எண் சிக்கும், சிலவற்றில் வருடக்கணக்கில் எதுவும் கிடைக்காது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர் பிரைம்கிரிட்டில் சின்ன வகை ஒன்றில் தொடங்கி, கணினி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் மனசு இருந்தால் ஜிம்ப்ஸுக்குப் போவது நல்லது. நேராக ஜிம்ப்ஸுக்குப் போனவர்கள் பலர் முதல் எண் முடிவதற்குள்ளேயே சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் நிறுத்தினேன்.

உள்ளே என்னதான் நடக்கிறது

ஒரு முறை கையால் செய்து பார்த்துவிட்டால் திரையில் ஓடும் எண்கள் பயமுறுத்தாது. 127-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அது 2⁷ − 1. பகா எண்ணா என்று பார்க்க லூக்கா–லெமர் சோதனை என்று ஒன்று உண்டு. 4-இல் தொடங்க வேண்டும். வர்க்கம் எடு, 2 கழி, 127-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை, அதாவது இங்கே ஐந்து தடவை.

4-இன் வர்க்கம் 16, இரண்டு போனால் 14. அடுத்து 196-இல் 2 போனால் 194, 127 போக மீதி 67. 67-இன் வர்க்கம் 4489, 2 போனால் 4487, மீதி 42. 42-க்கு 1764, 2 போனால் 1762, மீதி 111. 111-க்கு 12321, 2 போனால் 12319, அதை 127-ஆல் வகுத்தால் சரியாக 97, மீதி பூஜ்யம். ஐந்தாவது தடவையில் பூஜ்யம் வந்துவிட்டது, ஆகவே 127 பகா எண். வேறு எந்த மீதி வந்திருந்தாலும் இல்லை. அவ்வளவுதான் சோதனை.

இப்போது ஜிம்ப்ஸில் கையில் கிடைக்கும் அடுக்கு 13 கோடியைச் சுற்றி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இதே வேலையை ஏறக்குறைய 13 கோடி தடவை செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட நான்கு கோடி இலக்க எண்ணை வர்க்கப்படுத்தி. ஒரு வர்க்கத்துக்கு 5 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும் கணினிக்கு மொத்தம் ஆறரை லட்சம் செகண்ட், நாள் கணக்கில் ஏழரை. பள்ளிக்கூடப் பெருக்கலில் இது நடக்கவே நடக்காது, எஃப்எஃப்டி என்ற முறையில் பெருக்குவதால்தான் முடிகிறது. ஜிம்ப்ஸின் மென்பொருளான பிரைம்95 அந்தப் பெருக்கலை இயந்திர மொழியிலேயே செதுக்கி வைத்திருக்கிறது.

சோதனைக்கு முன்னால் ஒரு சல்லடையும் உண்டு. 2¹¹ − 1 என்பது 2047. அடுக்கு 11 பகா எண்தான், ஆனாலும் 2047 பகா எண் இல்லை, 23 × 89. அந்த இரண்டு காரணிகளையும் கவனியுங்கள், 23 என்பது 2 × 11 × 1 + 1, 89 என்பது 2 × 11 × 4 + 1. அடுக்கு 2-க்கு மேலான பகா எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணின் காரணி எதுவானாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும், அதோடு 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். எனவே எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை, இந்தச் சில எண்களை மட்டும் பார்த்து நிறைய மெர்சென் எண்களை முன்கூட்டியே கழித்துக்கட்டலாம். கிராஃபிக்ஸ் கார்டுகள் இந்த வேலையில் பிசாசு மாதிரி வேகம்.

இடையில் ஒன்று. ஒரு எண் பகா எண்ணா என்று சோதிக்க ஐஐடி கான்பூரின் மூன்று பேர் 2002-ல் கொடுத்த ஏகேஎஸ் முறை இருக்கிறதே, அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று யாராவது கேட்பார்கள். அது கோட்பாட்டில் மிகப் பெரிய விஷயம், எந்த எண்ணுக்கும் செல்லும். ஆனால் மெர்சென் எண்ணுக்கென்றே இவ்வளவு சுருக்கமான சோதனை கையில் இருக்கும்போது அதோடு வேகத்தில் போட்டி போட அதனால் முடியாது.

முதலில் கணினியைச் சோதியுங்கள்

யாரும் படிக்காமல் தாண்டிப்போகும் பகுதி இதுதான், தயவுசெய்து தாண்டாதீர்கள். 13 கோடி வர்க்கத்தில் ஒன்றில் ஒரு பிட் தப்பினாலும் கடைசி முடிவு குப்பை. நீங்கள் தினமும் பயன்படுத்தும்போது இந்தத் தப்பு கண்ணில் படாது, படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்குத் தெரியும்? பகா எண் சோதனையில் மாட்டிக்கொள்ளும். 2016 தொடக்கத்தில் இன்டெலின் ஸ்கைலேக் சிபியுவிலேயே ஒரு பிழை இருப்பது பிரைம்95 ஓட்டியவர்களால்தான் வெளியே வந்தது. குறிப்பிட்ட ஒரு கணக்கில் கணினி அப்படியே உறைந்து நின்றது. பிறகு பயாஸ், அதாவது கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருள், அதன் அப்டேட் மூலம் சரிசெய்தார்கள்.

என் கதை அவ்வளவு பெருமையானதில்லை. புதிதாக அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில் ரேமின் வேகத்தைப் பயாஸில் ஏற்றி வைத்தே கொடுத்திருந்தார்கள், எனக்குத் தெரியாது. கேம் ஓடியது, வீடியோ எடிட்டிங் ஓடியது, எல்லாம் நன்றாக இருந்தது. பிரைம்95 போட்ட இருபதாவது நிமிடம் சிபியுவின் கணக்குப் பிரிவுகளில் ஒன்று, அதாவது ஒரு கோர், சிவப்பில் நின்றது. திரும்பப் போட்டேன், இந்த முறை வேறு கோர். இரண்டு நாள் சிபியுவைத் திட்டிவிட்டு, கடைசியில் ரேம் வேகத்தை ஒரு படி இறக்கியதும் இரவு முழுக்கச் சத்தமில்லாமல் ஓடியது. வேகத்தில் இழந்தது ஐந்து சதவீதம்கூட இருக்காது.

ஆகவே பிரைம்95-ஐ மெர்சென் டாட் ஆர்க் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டு, முதல் தடவை திறக்கும்போது 'ஜஸ்ட் ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டார்ச்சர் டெஸ்ட் என்று வரும், பெயருக்கேற்றபடிதான் நடந்துகொள்ளும். அதில் 'பிளெண்ட்' வகையை ஒரு இரவு முழுக்க விடுங்கள், சிபியுவையும் ரேமையும் சேர்த்துப் பிழியும். பக்கத்தில் வெப்பநிலை காட்டும் ஏதாவது ஒரு மென்பொருளையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் கேபினட்டைத் திறந்து தூசி தட்டுங்கள், மூன்று நான்கு வருடமான கணினி என்றால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் அறை வெப்பமே 35-ஐத் தாண்டும், ஜனவரியில் செய்த சோதனையை நம்பி மே மாதம் ஓட்டாதீர்கள். ஒரு இரவு, ஒரு பிழைகூட இல்லை என்றால் கணினி தேறிவிட்டது.

லேப்டாப்பில் ஓட்டலாமா? ஓட்டலாம், நான் ஓட்ட மாட்டேன். அந்தக் குட்டி ஃபேன் மாதக்கணக்கில் முழு வேகத்தில் சுற்றச் செய்யப்பட்டதில்லை, கூடவே பேட்டரியும் சூட்டிலேயே கிடந்து உப்பிப்போகும்.

பிரைம்கிரிட்டில் தொடங்குவது

பாயிங்க் மென்பொருளை நிறுவுங்கள், 'ஆட் பிராஜெக்ட்' அழுத்தினால் வரும் பட்டியலில் பிரைம்கிரிட் இருக்கும். மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு தொடங்கியதும் உடனே வேலை இறங்க ஆரம்பித்துவிடும். அங்கேயே நிறுத்திவிட்டு, பிரைம்கிரிட் தளத்தில் உங்கள் கணக்கின் விருப்பங்கள் பக்கத்துக்குப் போங்கள், ஏனென்றால் எந்த வகைத் தேடல் உங்களுக்கு வரும் என்பது அங்கேதான் முடிவாகிறது. ஒவ்வொரு வகைக்கும் எதிரில் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று போட்டிருப்பார்கள். ஒரு வேலை சில மணி நேரத்துக்குள் முடிகிற வகையாக ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். 2-இன் பெரிய அடுக்கு ஒன்றை ஒரு சின்ன ஒற்றை எண்ணால் பெருக்கி 1 கூட்டினால் வருபவை புரோத் எண்கள், அவற்றில் சின்ன வகை நல்ல தொடக்கம். எல்லாவற்றையும் டிக் செய்தால் திடீரென்று பல நாள் பிடிக்கும் ஒரு வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அதைக் கைவிடவும் மனசு வராது.

வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு கணக்கு. ஐந்து லட்சம் இலக்க எண் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அது பகா எண்ணாக இருக்க ஏறக்குறைய பதினொன்றரை லட்சத்தில் ஒரு வாய்ப்பு. ஆனால் உங்களுக்கு வரும் எண் கண்ணை மூடி எடுத்ததில்லை, சின்னக் காரணிகள் உள்ளவை எல்லாம் ஏற்கெனவே சல்லடையில் போய்விட்டவை. ஆகவே வாய்ப்பு பல மடங்கு கூடும். நான்கைந்து கணினி வைத்திருப்பவர் சில மாதத்தில் தன் பெயரில் ஒரு பகா எண்ணைப் பார்ப்பது நடக்கக்கூடிய காரியம். பெரியதாக இருந்தால் தெரிந்த பெரிய பகா எண்களின் டாப் 5000 பட்டியலில் உங்கள் பெயரும் ஏறும். நாளடைவில் பெரிய எண்கள் வந்து உங்களைக் கீழே தள்ளும், அதுவும் ஒரு வேடிக்கைதான்.

பெரிய மீன் வேண்டும் என்றால் அதற்கும் இங்கே இடம் உண்டு. 78557 என்ற எண்ணை எடுத்து 2-இன் எந்த அடுக்கால் பெருக்கி 1 கூட்டினாலும் பகா எண் வரவே வராது என்று ஜான் செல்ஃப்ரிட்ஜ் 1962-ல் நிரூபித்தார். இந்தக் குணமுள்ள எண்களில் சிறியது அதுதானா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. 2002-ல் இதற்காகவே 'செவன்டீன் ஆர் பஸ்ட்' என்ற திட்டம் தொடங்கியபோது 78557-க்குக் கீழே 17 எண்கள் சந்தேகத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பகா எண்ணைக் காட்டிவிட்டால் அது பட்டியலிலிருந்து போய்விடும். பன்னிரண்டு போய்விட்டன. கடைசியாகப் போனது 10223, 2016 அக்டோபர் 31 அன்று, ஹங்கேரியில் ஒருவருடைய கணினியில், 93,83,761 இலக்க எண். மீதி ஐந்து, 21181, 22699, 24737, 55459, 67607. இதில் வேலை எடுத்தால் ஒரு வேலைக்கே பல நாள் ஆகும், வருடக்கணக்கில் யாருக்கும் எதுவும் கிடைக்காமலும் போகும். ஆனால் கிடைத்தால் அது ஒரு கணிதக் கேள்வியில் ஐந்தில் ஒரு பங்கு விடை.

இப்போது வேகத்துக்கு வரலாம். எட்டு கோர் இருந்தால் எட்டு வேலையைத் தனித்தனியாக ஓட்டுவதுதான் நல்லது என்று எல்லோரும் நினைப்பார்கள், பெரும்பாலும் அது தப்பு. காரணம் சிபியுவுக்குள் இருக்கும் எல்3 கேஷ், ரேமைவிடச் சின்னதான ஆனால் வேகமான நினைவகம். ஒரு வேலையின் எஃப்எஃப்டி நீளத்தை, அதாவது எண்ணை எத்தனை துண்டாக வெட்டிப் பெருக்குகிறது என்பதை, 8 பைட்டால் பெருக்கினால் அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தோராயமாகத் தெரியும். 480 கே நீளம் என்றால் 3.75 எம்பி. 16 எம்பி கேஷ் உள்ள சிபியுவில் அப்படி நான்கு வேலை அடங்கும், எட்டு அடங்காது. எட்டும் போட்டால் ஒவ்வொன்றும் ரேமுக்கு ஓடி ஓடி வரும், எல்லாமே மெதுவாகும். அதனால் வேலைக்கு இரண்டு கோர் வீதம் நான்கு வேலை. 2880 கே நீளமுள்ள பெரிய வகை என்றால் ஒன்றுக்கே 22.5 எம்பி, அப்போது எல்லா கோரையும் ஒரே வேலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஒரு வேலைக்கு எத்தனை த்ரெட், ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்ற இரண்டும் அதே விருப்பங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கால் இதில் பெரிய லாபம் கிடைக்காது, சூடுதான் மிச்சம்.

போட்டியில் இறங்குவது

பிரைம்கிரிட்டில் வருடம் முழுக்கச் சேலஞ்ச் என்று போட்டிகள் வரும், மூன்று நாள், ஐந்து நாள், பத்து நாள் என்று. ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வகைத் தேடலுக்கு. அணியாகவும் புள்ளி சேரும், தனியாகவும் சேரும். செக் நேஷனல் டீம், செட்டி ஜெர்மனி, அன்டார்க்டிக் க்ரஞ்சர்ஸ் மாதிரி அணிகள் இறங்கினால் மற்றவர்கள் ஐந்தாம் இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டியதுதான். பிப்ரவரியில் மட்டும் டூர் டி பிரைம்ஸ் என்று ஒன்று, பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்து வைத்த பெயர். அதிகப் பகா எண் கண்டுபிடித்தவருக்கு மஞ்சள் ஜெர்சி, மதிப்பெண்ணில் முதலாவதாக வந்தவருக்குப் பச்சை. கணினித் திரையில்தான் ஜெர்சி, போட்டுக்கொண்டு வெளியே போக முடியாது.

சேலஞ்சில் புள்ளி எண்ணும் விதி ஒன்று உண்டு, புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். போட்டி தொடங்கிய பிறகு இறக்கி, முடிவதற்குள் திருப்பி அனுப்பிய வேலைக்கு மட்டும்தான் புள்ளி. முதல் நாளே வேலைகளை இறக்கிக் குவித்து வைத்திருந்தால் அதற்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே தொடங்குவதற்கு முன்பு பாயிங்கில் 'நோ நியூ டாஸ்க்ஸ்' போட்டு, கையில் இருப்பதை முடித்துக் காலியாக்குங்கள். வேலைகளைச் சேர்த்துவைக்கும் நாள் கணக்கையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். நேரம் எல்லாம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், 18:00 என்று போட்டிருந்தால் நமக்கு இரவு 11:30, இலங்கைக்கும் அதே. கடைசிக் கட்டத்தில் ஒரு கணக்கு போடுங்கள், இன்னும் நான்கு மணி நேரம்தான், என் கணினியில் ஒரு வேலைக்கு ஐந்து மணி நேரம் என்றால் புதிதாக இறக்கிப் பயனில்லை. அப்போது நாலு கோரில் நாலு வேலை ஓட்டிக்கொண்டிருந்தவர், எல்லாக் கோரையும் ஒரே வேலையில் போட்டால் ஒன்றிரண்டு கூடுதலாக முடிக்க வாய்ப்புண்டு. நான் ஒரு முறை இந்தக் கணக்கைப் போடாமல் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் எட்டு வேலையும் 96, 97 சதவீதத்தில் நிற்கிறது, போட்டி முடிந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

போட்டி முடிந்ததும் மிச்சமிருக்கும் வேலையை முடித்துக்கொடுங்கள், முடியாவிட்டால் 'அபார்ட்' செய்யுங்கள். பிராஜெக்டை அப்படியே கழற்றிவிட்டுப் போனால் அந்த எண் காலக்கெடு முடியும்வரை உங்கள் பெயரிலேயே தொங்கும், வேறு யாருக்கும் போகாது.

ஜிம்ப்ஸுக்குப் போவது

அதே பிரைம்95-ஐ இந்த முறை 'ஜாயின் ஜிம்ப்ஸ்' என்று திறங்கள். லினக்ஸ் என்றால் எம்பிரைம் என்று கட்டளை வரி வடிவம் இருக்கிறது. பயனர் பெயர் கொடுக்கலாம், பெயரில்லாமலும் ஓட்டலாம், ஆனால் எண் கிடைத்தால் வருத்தப்படுவீர்கள். எத்தனை ஒர்க்கர், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை எண்ணைச் சோதிப்பது என்று கேட்கும். கேஷ் கதை இங்கேயும் அதேதான், வீட்டுக் கணினிக்கு ஒரே ஒர்க்கர், எல்லாக் கோரும் அதற்கு. வேலை வகையை அதன் போக்குக்கு விட்டால் முதலில் பழைய முடிவு ஒன்றைச் சரிபார்க்கும் வேலை வரும். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள், ஏற்கெனவே வேறொருவர் செய்த கணக்கோடு உங்கள் மீதி ஒத்துப்போகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

முதல்முறைச் சோதனைகள் இப்போதெல்லாம் லூக்கா–லெமர் முறையில் நடப்பதில்லை, எண் பகா எண்ணாக இருக்க வலுவான வாய்ப்பு உண்டா என்று பார்க்கும் பிஆர்பி என்ற முறையில் நடக்கின்றன. ராபர்ட் கெர்பிட்ஸ் 2017-ல் கொடுத்த ஒரு சரிபார்ப்பு இதில் சேர்ந்திருக்கிறது. கணக்கு ஓடும்போதே தப்பு நடந்தால் கண்டுபிடித்து, கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடரும். அதோடு 2020-லிருந்து ஒவ்வொரு சோதனையும் தன்னோடு ஒரு சான்றுக் கோப்பையும் அனுப்புகிறது, அதை இன்னொரு கணினி மிகக் கொஞ்ச நேரத்தில் சரிபார்த்துவிடும். முன்பெல்லாம் இரண்டாவது ஆள் முழுச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது, அந்த வேலை மிச்சம். இதற்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலை வட்டில் இடம். 13 கோடி அடுக்கில் ஒரு இடைநிலை மீதி 16 எம்பி, அப்படி 256 சேமித்தால் நாலு ஜிபிக்குச் சற்று மேல். முடிவில் அனுப்பும் கோப்பு 150 எம்பி போல வரும். மொபைல் டேட்டாவில் ஓட்டுபவர்கள் இதை மனதில் வையுங்கள். அமைப்பில் தற்காலிக வட்டு இடம் எவ்வளவு என்று கேட்கும்போது ஆறு ஏழு ஜிபி கொடுத்துவிடுங்கள்.

மின்வெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கும். முடிக்க முடியாது என்று தெரிந்தால் அட்வான்ஸ்டு மெனுவில் 'அன்ரிசர்வ்' கொடுத்து எண்ணைத் திருப்பிவிடுங்கள்.

வாய்ப்பு? சல்லடையில் நன்றாகச் சலித்த ஒரு எண், 13 கோடி அடுக்கில், பகா எண்ணாக இருக்க ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. வாரத்துக்கு ஒரு எண் முடிக்கும் கணினிக்கு இது என்ன அர்த்தம் என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசும் இருக்கிறது, சாதாரணமாக ஒரு கண்டுபிடிப்புக்கு 3,000 டாலர், பத்துக் கோடி இலக்கத்தைத் தாண்டும் முதல் எண்ணுக்கு 50,000 டாலர். அந்தப் பத்துக் கோடி இலக்கத்துக்கு அடுக்கு 33 கோடிக்கு மேல் வேண்டும். அடுக்கு இரண்டரை மடங்கு கூடினால் நேரம் ஆறேழு மடங்கு கூடும், ஏழரை நாள் ஐம்பது நாளாகும். பரிசை நம்பி இறங்குபவருக்கு மின் கட்டணத்தில் கைக்காசுதான் போகும்.

2024-இல் நடந்ததைத் தெரிந்துகொண்டால் இன்னும் தெளிவாகும். லூக் டுரான்ட், முன்பு என்விடியாவில் வேலை பார்த்தவர், கிளவுட்டில் பல நாடுகளின் டேட்டா சென்டர்களில் ஜிபியுக்களை, அதாவது கிராஃபிக்ஸ் கார்டுகளை, வாடகைக்கு எடுத்து ஓட்டினார். அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு ஏ100 கார்டு 136279841 என்ற அடுக்கில் ஒன்று சிக்கியதாகச் சொன்னது. மறுநாள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஒரு எச்100 கார்டு லூக்கா–லெமர் சோதனையில் உறுதிசெய்தது. 4,10,24,320 இலக்கங்கள், பக்கத்துக்கு 3,000 இலக்கம் அச்சடித்தால் பதின்மூவாயிரத்துச் சொச்சம் பக்கம். அதற்கு முந்தைய எண் 2018 டிசம்பரில் ஃபுளோரிடாவில் கிடைத்தது, இடையில் ஆறு வருடம் எல்லோருக்கும் வறட்சி. முதன்முறையாக வீட்டுக் கணினிகளை ஜிபியு முந்தியதும் இதில்தான். இது நமக்கு நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை, ஆனால் நல்ல கேமிங் கார்டு வைத்திருப்பவர் மிஹாய் பிரெடா எழுதிய ஜிபியுஅவ்ல், அல்லது அதன் வாரிசான பிஆர்பிஎல்எல் என்ற மென்பொருளை எடுத்து ஓட்டலாம். என்விடியா கார்டு என்றால் காரணி சலிக்கும் வேலைக்கு எம்ஃபேக்ட்சி.

கரண்ட் பில், அனுமதி

சிபியு கூடுதலாக 100 வாட் இழுக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதலில் ஒரு அளவு வரை இலவசம், மேலே போகப் போக ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் இந்த 144 யூனிட் பில்லை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். பயாஸில் சிபியுவின் மின் வரம்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் வேகம் சொற்பமாகக் குறையும், மின்சாரமும் சூடும் கணிசமாகக் குறையும். வருடம் முழுக்க ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

அலுவலகக் கணினியில் கேட்காமல் போடவே போடாதீர்கள். 1998-ல் அமெரிக்காவில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கணினிகளில் ஒருவர் சொல்லாமல் இதை ஓட்டிவிட்டு, எஃப்பிஐ விசாரணை வரை போனது.

கிடைத்துவிட்டால்

பிரைம்கிரிட்டில் கிடைத்தால் மின்னஞ்சல் வரும், பெயரை வெளியிட அனுமதிக்கிறீர்களா என்று கேட்பார்கள், பட்டியலில் ஏற்றும் வேலையைப் பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஜிம்ப்ஸில் கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். வேறு மென்பொருள், வேறு வன்பொருள் என்று பல கணினிகளில் உறுதிசெய்த பிறகுதான் அறிவிப்பு, அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். சர்வரும் சில நேரம் கோட்டை விடும். சென்ட்ரல் மிசோரி பல்கலைக்கழகத்தில் கர்டிஸ் கூப்பரின் கணினி 2015 செப்டம்பர் 17 அன்றே ஒரு பகா எண்ணைத் தெரிவித்துவிட்டது, மின்னஞ்சல் போகாததால் யாரும் கவனிக்கவில்லை. 2016 ஜனவரி 7 அன்று வழக்கமான பராமரிப்பு வேலையின்போதுதான் கண்ணில் பட்டது. ஏறக்குறைய நான்கு மாதம் உலகத்திலேயே பெரிய பகா எண் ஒரு டேட்டாபேஸில் சும்மா உட்கார்ந்திருந்தது.

மற்றபடி பிரைம்95 எண் கிடைத்த உடனே கணினியில் சத்தம் போட்டுச் சொல்லும். நடுராத்திரியில் வீட்டாரை எழுப்ப வேண்டாம் என்று நினைப்பவர்களுக்காக அமைப்புக் கோப்பில் 'சைலன்ட் விக்டரி' என்று ஒரு வரியைச் சேர்த்து 1 என்று போட்டால் வாயைத் திறக்காது. நான் போட்டு வைக்கவில்லை, ஸ்பீக்கரையும் அணைப்பதில்லை.